சான் பெத்ரோ வீட்டில் இல்லை

சாந்தா ரூஃபினா,
பிப்ரவரி 9

அன்புள்ள மேதிங்,

வந்து சேர்ந்ததும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு இத்தனை நாள் கடத்திவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. மாத்திரைகளை வேளை தவறாமல் போடுகிறேன். தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தையல் பிரித்துவிட்டார்களா? படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். தொலைபேசியிலேயே பேசியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டுத் தொலைபேசி சமையலறை வாசலில் இருக்கிறது. மனாங் சால்விங்கும் எந்நேரமும் அங்கேதான் இருக்கிறார். அண்ணியைப் பற்றி அண்ணிக்கு முன்னால் எப்படிப் பேசுவது?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் இன்னும் சொல்லவில்லை.

நாம் பேசி முடித்ததெல்லாம் வரிசையாக நினைவிருக்கிறது. அண்ணன் செமோய் போன பிறகு, முறைப்படி வீட்டு மாடத்தில் இருக்கும் புனிதர் சான் பெத்ரோவின் சுரூபம் எனக்கு வருகிறது. மூத்தவனுக்குப் பின் அடுத்தவன் என்பதுதான் கும்பான் வீட்டு வழக்கம். சுரூபம் யார் பேரில் இருக்கிறதோ, பெரிய வெள்ளிப் பவனியில் தேருக்குப் பூ வைப்பதும், தேர் இழுத்தவர்களுக்குச் சோறு போடுவதும், ஆண்டு முழுக்கக் கடல் பக்கத்துச் சன்னலில் விளக்கேற்றுவதும் அவர் பொறுப்பு. பிரிஸ்பேனில் உட்கார்ந்துகொண்டு நான் எதைச் செய்வேன்? "முதல் நாள் காப்பி குடிக்கும்போதே சொல்லிடுங்க. மனாங், அவர் இனிமே உங்களோடவர், உங்க பேர்லயே இருக்கட்டும்னு. ஒரே ஒரு வரி" என்றாய். ஒரு வரிதான், மறுக்கவில்லை.

ஆனால் அதை யோசித்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு விதமாகப் படுகிறது. பிள்ளைகுட்டி இல்லாத ஒரு விதவையின் தலையில் சுமையைக் கட்டிவிட்டு விமானம் ஏறுகிறவன் என்று அவர் என்னை நினைக்கலாம். அல்லது, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உடுத்தி, துடைத்து, பூ வைத்துப் பார்த்துக்கொண்டவருக்கே நான் ஏதோ தானம் கொடுப்பதுபோல் ஆகலாம். இரண்டில் எது மோசம் என்று தீர்மானிக்க முடியவில்லை. நான் வேலை பார்த்த தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சந்தேகம் வந்தால் இன்னொரு குப்பியில் எடுத்துப் பார்ப்போம். இங்கே இன்னொரு குப்பி கிடையாது.

சொல்வதற்கு நேரமும் கிடைக்கவில்லை, மேதிங். நான் சாக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதே. பொழுது விடிந்தால் ஏதாவது ஒரு கோவில். மனாங் சால்விங் குடையும் சோற்றுப் பொட்டலமுமாகத் தயாராக நிற்கிறார். "கிளம்பு தோத்தோ, பொறந்த மண்ணுல இருக்குற கோவிலையே பார்க்காம செத்துப் போனா அங்க கேட்க மாட்டாங்களா?" என்கிறார். எழுபத்துநான்கு வயதில் என்னைச் சின்னப்பையனைக் கூப்பிடுவதுபோல் தோத்தோ என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான். வாயைத் திறந்து, "மனாங், ஒரு விஷயம்" என்று தொடங்கினால், "அப்புறம் பேசு, ஜீப்னி போயிடும்" என்கிறார். ஜீப்னியில் இரைச்சல். கோவிலுக்குள் பேசக்கூடாது. திரும்பி வந்தால் கால் வலி என்று படுத்துவிடுகிறார்.

முதலில் மோலோ. தூணுக்குத் தூண் பெண் புனிதர்கள் நிற்பது உனக்கு நினைவிருக்கும். மனாங் மேலே பார்த்துவிட்டு, "ஒரு ஆம்பளைகூட இல்ல பாரு, அதான் இவ்வளவு சுத்தமா இருக்கு" என்றார். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த ஒரு கிழவி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். அடுத்து ஹாரோ. மணிக்கூண்டு இன்னமும் கோவிலோடு சண்டை போட்டுக்கொண்டதுபோலச் சாலைக்கு அந்தப் பக்கம் தனியாக நிற்கிறது. மாடத்தில் இருக்கும் கல் மாதா வருடாவருடம் வளர்கிறாள் என்று சின்ன வயதில் சொல்வார்களே, அதை நினைத்து உயரத்தைக் கண்ணால் மதிப்பிட்டுக்கொண்டிருந்தேன். "மாதா வளர்றா, நீதான் தேய்ஞ்சுக்கிட்டே போற" என்றார். பிறகு திக்பாவான், கிம்பால், மியகாவ். மியகாவில் முகப்புக் கல்லில் செதுக்கிய தென்னை மரத்தையும் பப்பாளியையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மண்ணில் பிறந்தவன் என்று நான் பல வருடங்களாகப் படிவங்களில் எழுதியிருக்கிறேன். அந்தப் பப்பாளியைப் பார்த்தபோதுதான் அது உண்மை என்று பட்டது.

இன்னும் கொஞ்ச தூரம்தானே, சான் ஹோவாக்கினுக்கும் போய்விட்டு வரலாம் என்றேன். அந்த முகப்பில் ஒரு போரையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். குதிரைகளைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மனாங் சட்டென்று எழுந்து, "ரோடு சரியில்ல" என்றார். அந்தச் சாலையில் பேருந்துகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

இன்னொன்றையும் எழுத வேண்டும். சான் பெத்ரோ வீட்டில் இல்லை. நான் வந்த அன்று இருந்தார். மறுநாள் காலையில்தான் அவருடைய மாடத்தில் இடப்பக்கக் கண்ணாடி விரிசல் விட்டிருந்ததைக் கவனித்தேன். புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தால் பேச்சைத் தொடங்க ஒரு வழி கிடைக்குமே என்று டேப்பை எடுத்து மாடத்தின் நீள அகலத்தையும், இடிக்காமல் இருக்கவேண்டுமே என்று சான் பெத்ரோவின் உயரத்தையும், அவர் காலடியில் நிற்கும் சேவலின் வால் வரைக்கும் அளந்து குறித்துக்கொண்டேன். நிமிர்ந்தால் மனாங் கதவருகில் நிற்கிறார். "என்ன தோத்தோ, அளக்குற?" என்றார். சொல்லாமல் செய்தால் சந்தோஷப்படுவார் என்று "சும்மா" என்றேன். அன்று மத்தியானம்தான் மோலோவுக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்தபோது மாடம் காலி. "சாயம் உதிருது, டவுன்ல ஒருத்தர்கிட்ட குடுத்திருக்கேன்" என்று மீனை ஆய்ந்துகொண்டே சொன்னார். சன்னலில் விளக்கும் ஏற்றுவதில்லை. தவக்காலம் நெருங்குகிறது, பங்குச்சாமியார் இந்த ஆண்டு சான் பெத்ரோ யார் பேரில் வருகிறார் என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.

டிரைசிக்கிள் ஓட்டும் பெர்டிங் ஒரு கதை சொன்னான். பக்கத்து ஊர் ஒன்றில் அமெரிக்காவிலிருந்து வந்த மகன், வீட்டுச் சுரூபத்தின் யானைத்தந்த முகத்தை மணிலா வியாபாரிக்கு விற்றுவிட்டானாம். இப்போது அங்கே பவனியில் சாந்து முகம்தான் போகிறதாம். நம்முடையதும் தந்த முகம்தான் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

நீ இருந்திருந்தால் முதல் காப்பியிலேயே முடிந்திருக்கும். உன் பதில் வருவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று எனக்காக வேண்டிக்கொள்.

அன்புடன்,
வென்சஸ்


சாந்தா ரூஃபினா,
பிப்ரவரி 21

அன்புள்ள மேதிங்,

சொல்லிவிட்டேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று நேற்றே முடிவு செய்தேன். நீ மூச்சை விட்டுக்கொண்டு மீதியை நிதானமாகப் படிக்கலாம். நானும் இப்போது நிதானமாகத்தான் இருக்கிறேன். நேற்று மத்தியானம் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன், வாயைத் திறந்துகொண்டு தூங்கினேனாம்.

போன செவ்வாய்க்கிழமை காலை, நாங்கள் கபாத்துவானுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, மீனவர்கள் நான்கைந்து பேர் வாசலுக்கு வந்தார்கள். முன்னால் நின்றவர் போன்சோ. சான் பெத்ரோவின் தேரை முன்வடம் பிடித்து இழுப்பவர். என்னைவிட இளையவர், என்னைப்போல் இரண்டு பங்கு உடம்பு. தொப்பியைக் கழற்றிவிட்டு, அண்ணன் முறை வைத்துத்தான் பேசினார், அதையும் சொல்ல வேண்டும். "மனோங், ஆஸ்திரேலியாவுல மீன் கிடைக்கலையா? எங்க ஆளை எதுக்கு ஏத்தி அனுப்புனீங்க?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. சன்னலில் விளக்கு எரிந்து நாளாகிறது, வலையில் ஒன்றும் விழவில்லை, சான் பெத்ரோவைக் காணோம், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர் டேப் வைத்து அளந்தாராம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பெட்டி செய்து கப்பலில் ஏற்றிவிட்டேன் என்று ஊர் முழுக்கப் பேச்சாம். நான், இல்லை, சாயம் பூசக் கொடுத்திருக்கிறது என்றேன். "யாருகிட்ட? பேரைச் சொல்லுங்க, நாங்க போய்ப் பார்த்துட்டு வந்துடுறோம்" என்றார் போன்சோ. எனக்குப் பேர் தெரியாது. டவுனில் ஒருவர் என்றேன். "டவுன்ல ஒருத்தர்! தந்த முகத்தை வித்த பக்கத்து ஊர்க்காரனும் இதையேதான் சொன்னான்" என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். நான் கையைச் சட்டைப் பையில் விட்டேன், மேதிங். அது இன்னும் மோசமாகத் தெரிந்திருக்கும்.

அப்போது மனாங் சால்விங் குடையோடு வெளியே வந்தார். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றார். "அவன் கும்பான் வீட்டுப் பிள்ளை. அவனைத் திருடன்னு சொல்ற வாயைக் கழுவுங்கடா. எடுத்தது நான். ஒளிச்சு வச்சதும் நான்" என்றார். போன்சோ தொப்பியை மறுபடி போட்டு, மறுபடி கழற்றினார். "நீங்களா மனாங்? எதுக்கு?" என்றார். "அது எங்க வீட்டு விஷயம். போய் வலையைத் தைக்கிற வழியைப் பாருங்க" என்றார் மனாங். போய்விட்டார்கள்.

நாங்கள் இருவரும் உள்ளே போய் அந்தக் காலி மாடத்துக்கு எதிரில் உட்கார்ந்தோம். அவர் குடையை மடக்கவே இல்லை. சான் பெத்ரோ சான் ஹோவாக்கினில், தன் தங்கை வீட்டில் இருக்கிறார் என்றார். நாங்கள் மோலோவில் பெண் புனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பெர்டிங் கொண்டுபோய் விட்டிருக்கிறான். சாலை ஏன் சரியில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏன் இப்படி என்று கேட்டேன். "நீ அளந்தியே தோத்தோ" என்றார். "வந்த மறுநாளே அளந்தியே. பெட்டிக்குத்தானே? முறைப்படி உன்னோடதுதான். நான் வேண்டாம்னு சொல்ல முடியுமா? நான் யாரு? அதான், நீ வாயைத் திறக்காம இருக்கணும்னு கோவில் கோவிலா உன்னை இழுத்துக்கிட்டுத் திரிஞ்சேன். நீ திரும்பிப் போற தேதி வரைக்கும் ஓட்டிடலாம்னு பார்த்தேன். என் கால் ரெண்டும் வீங்கிப் போச்சு."

கண்ணாடிக்காக அளந்தேன் என்று சொல்லி, குறித்து வைத்திருந்ததைக் காட்டினேன். விரிசலைத் தொட்டுக் காட்டினேன். அவர் விரிசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றார்.

பிறகுதான் நம்முடைய அந்த ஒரு வரியைச் சொன்னேன். நீ சொல்லிக் கொடுத்த மாதிரி வரவில்லை. முதலில் சுமை என்று ஆரம்பித்து, பிறகு தானம் இல்லை என்று மறுத்து, நடுவில் விமானக் கட்டணத்தைப் பற்றிக்கூட ஏதோ சொன்னேன். கடைசியில், "மனாங், எனக்கு வேண்டாம், அவர் உங்களோடவர்" என்பது எப்படியோ வெளியே வந்துவிட்டது. அவர் அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. குடையை மடக்கி, அதாலேயே என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். "இதைச் சொல்லவா இத்தனை நாள் என் பின்னாடி கோவில் கோவிலா வந்த?" என்றார். "நீங்கதானே கூட்டிப்போனீங்க?" என்றேன். "கூப்பிட்டா வந்துடுவியா?" என்றார். நாங்கள் இருவரும் ஒரே விஷயத்துக்குப் பயந்து ஒருவரை ஒருவர் மாகாணம் முழுக்க இழுத்தடித்திருக்கிறோம்.

மறுநாள் சான் ஹோவாக்கினுக்குப் போனோம். படுக்கையறையில், கட்டிலின்மேல், கொசுவலைக்குள் சான் பெத்ரோ சாய்த்து வைக்கப்பட்டிருந்தார். தோளில் ஒரு துண்டு. சேவலைத் தனியாகக் கழற்றி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். கொசுவலை எதற்கு என்று கேட்டேன். தங்கை என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு, "கடிக்காதா?" என்றாள். கோவில் முகப்பின் முன்னால் மனாங் சான் பெத்ரோவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். "பாரு தோத்தோ, ஆசைப்பட்டியே. அவசரமில்ல, ஜீப்னி போனா இன்னொண்ணு வரும்" என்றார். குதிரைகளைப் பார்த்தேன். ஒரு குதிரை விழுந்துகொண்டிருக்கிறது, ஒன்று பாய்கிறது. வெயிலும் மழையும் தின்றதில் முகங்கள் மழுங்கிவிட்டன. யார் ஜெயித்தவர், யார் தோற்றவர் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். எனக்கு அப்படி இருப்பதே பிடித்திருந்தது.

திரும்பும்போது ஜீப்னிக்காரன் சான் பெத்ரோவைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அந்தத் தாத்தாவுக்கும் காசு உண்டுல்ல?" என்றான். "வயசைப் பார்த்தா தெரியல? சீனியர், பாதிதான்" என்றார் மனாங். வண்டியே சிரித்தது. எதிரில் உட்கார்ந்திருந்த பெண், தன் கூடையைக் கீழே இறக்கிவிட்டுச் சேவலை மடியில் வாங்கிக்கொண்டாள். மியகாவில் இறங்கினோம். கோவிலைக் கடந்துபோகும் சுரூபம் உள்ளே போய் முகம் காட்டாமல் போகக்கூடாதாம். "அவங்க வீட்டு வாசல் வழியா போறோம், ஒரு வார்த்தை சொல்லாம போனா என்ன நினைப்பாங்க?" என்றார். கிம்பாலிலும் அப்படியே. பீடத்துக்கு முன்னால் சான் பெத்ரோவைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தோம். அவர் சார்பில் நான் முழந்தாளிட்டேன். முன்பு வந்தபோது இதே கோவில்களில் நான் சுவரைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன், மனதுக்குள் அந்த ஒரு வரியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை எதையும் ஒத்திகை பார்க்க வேண்டியிருக்கவில்லை. பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தேன். காற்று வந்தது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று மனாங்கிடம் சொன்னேன். எனக்கு எழுத்துதான் வரும் என்று உனக்குத் தெரியும். "காகிதத்தைக் கறையான் தின்னுடும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொல்லு. நான் திருடினேன்னு எல்லார் காதுலயும் விழுந்துச்சுல்ல?" என்றார். நியாயம்தான். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். வழக்கம், வரலாறு, அப்பா, செமோய் எல்லாம் அதில் இருந்தது.

பூசை முடிந்து பங்குச்சாமியார் என்னைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கி முன்னால் நின்றதும் அந்த இரண்டு பக்கமும் எனக்கு வேறு யாரோ எழுதியதுபோல் இருந்தது. மடித்துப் பையில் வைத்துவிட்டேன். "சான் பெத்ரோ என் அண்ணி சால்வசியோன் கும்பானுடையவர். அவருக்குப் பின் யாருக்கு என்பதையும் அவரே சொல்வார்" என்றேன். அவ்வளவுதான். கடைசி வரிசையிலிருந்து போன்சோ, "மனோங், கேக்கல, இன்னொரு தடவை!" என்று கத்தினார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். முதல் முறையே அவருக்குக் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இரண்டாவது முறை என் குரல் நடுங்கவில்லை. அப்படித்தான் எனக்குத் தோன்றியது, மற்றவர்களுக்கு எப்படிக் கேட்டதோ தெரியாது. வெளியே வந்தபோது பெண்கள் மனாங்கைச் சூழ்ந்துகொண்டு தேருக்கு இந்த ஆண்டு என்ன பூ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஒருத்திக்குப் பதில் சொல்லிக்கொண்டே இன்னொருத்தியை அதட்டிக்கொண்டிருந்தார். நான் ஓரமாக நின்றேன். என்னை யாரும் தேடவில்லை. அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உனக்குத்தான் புரியும்.

சாயங்காலம் புதுக் கண்ணாடி போட ஆள் வந்தான். என் அளவு சரியாக இருந்தது. விளக்கேற்றினார்கள். அடுத்த நாள் போன்சோ ஒரு வாளி மீன் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் இருக்கிறேனா என்று பார்க்காமலே போய்விட்டார். வலையில் விழுந்ததற்கும் விளக்குக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லமாட்டேன். இல்லை என்றும் இங்கே யாரிடமும் சொல்லப் போவதில்லை.

பெரிய வெள்ளி வரைக்கும் இருந்துவிட்டு வரட்டுமா? தேருக்குப் பின்னால் மனாங் நடக்கும்போது பக்கத்தில் ஒருவர் குடை பிடிக்க வேண்டும். உனக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எழுது, உடனே கிளம்பி வருகிறேன். உன்னை விட்டு இவ்வளவு நாள் நான் தனியாக இருந்ததே இல்லை. இங்கே காப்பியில் சர்க்கரை போதும் என்று சொல்ல நீ இல்லாததால் அதிகமாகவே குடித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாடத்தைத் துடைக்க அடித்தட்டைத் திறந்தபோது, கிறிஸ்துமசுக்கு நாம் அனுப்பிய வாழ்த்து அட்டை உறை பிரிக்கப்படாமல் இருந்தது. "கும்பான் குடும்பத்தார்" என்று மேலே எழுதியிருந்தோம். ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டதற்கு மனாங், "உங்க ஆளுங்களுக்கு வந்தது, நான் எப்படிப் பிரிக்கிறது? யாராவது வந்தா குடுக்கலாம்னு வச்சிருந்தேன்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

மேதிங், முழங்கால் வலித்தாலும் மேசைவரை நடந்து போய், இன்றைக்கே அவருக்கு ஒரு கடிதம் எழுது. என்ன எழுதுவது என்று யோசிக்காதே. நாய்க்குட்டியைப் பற்றி எழுது, மழையைப் பற்றி எழுது. உறையின்மேல் மட்டும் சால்வசியோன் கும்பான் என்று முழுப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுது. தபால்காரன் வாசலில் நின்று அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவதை நான் இங்கிருந்து போவதற்குள் ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

இறைவன் உன்னைப் பத்திரமாக நடக்க வைக்கட்டும்.

உன்,
வென்சஸ்